ஆறு நொடி விளக்கு

அந்த இரண்டு கார்களும் கம்போங் சோம் துறைமுகத்திலிருந்து ஒரே லாரியில் வந்தன. இரண்டும் முந்நூறு, இரண்டும் முதல் தலைமுறை, இரண்டுக்கும் ஈர மணலைப் போன்ற ஒரே தங்க நிறம். இருக்கைத் தோல்கூட ஒரே மாதிரிதான், பால் அதிகம் விட்ட தேநீரின் நிறம். லாரி ஓட்டி வந்தவர் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே, "இரட்டைப் பிள்ளைங்க. ஒண்ணு மூஞ்சியில அடி வாங்கியிருக்கு, இன்னொண்ணு முதுகுல" என்றார்.

புனோம் பென்னில் அந்தக் காரின் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. கம்பெனியின் பெயரைக் கதவில் கையகல எழுத்தில் ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் வாயில் வருவது மாடல் எண் மட்டும்தான், முந்நூறு. எண்ணுக்கு அடுத்தது ஆண்டு. அந்தத் தலைமுறையில் முதலில் வந்த கார்களுக்கு ஒரு முகம், இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவற்றுக்குச் சற்றே வேறு முகம். மாறியவை கிரில்லும் விளக்குக் கண்ணாடிகளும்தான். அவற்றை வைத்தே தெருவில் போகிறவர்கள் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். குனிந்து, நிஜ ஆண்டைச் சொல்லும் சேஸிஸ் நம்பரைப் பார்ப்பவர்களை நான் கண்டதில்லை. நானும் பார்த்ததில்லை.

முகத்தில் அடிபட்டது 99. முதுகில் அடிபட்டது 2002.

தூல் கோர்க்கில் இருக்கும் ஹெங் மாமாவின் பட்டறையில் எனக்குக் காரின் உட்புற வேலை. தோல் தைப்பது, டேஷ்போர்டு ஒட்டுவது, அதற்குப் பின்னால் ஓடும் ஒயர்கள். ஹெங் எனக்கு உறவில்லை. எல்லோரும் மாமா என்பதால் நானும் மாமா என்கிறேன். அமெரிக்காவில் மோதி, காப்பீட்டுக்காரர்கள் கைகழுவிய கார்கள் எங்களிடம் வரும். புதிதுபோலாகி வெளியே போகும்.

99-இன் கதவைத் திறந்தபோது இரண்டு ஏர்பேக்குகளும் வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன, துவைத்துப் பிழியாமல் போட்ட துணிபோல. நான் அவற்றை அறுத்தெடுத்தேன். ஸ்டீயரிங்குக்கு நடுவில் புது மூடி பொருத்தினேன். பயணி பக்கம் டேஷ்போர்டு கிழிந்திருந்தது. அதை ஒட்டி, தேய்த்து, மேலே தோல் போர்த்தினேன். வாங்க வருபவர்கள் அந்த இடத்தை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் போய்விடுவார்கள். அதனால் உள்ளே பஞ்சு அடைப்போம். ஒரு மூலையில் மட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கையில் கிடைத்ததை மடித்துச் செருகினேன். சத்தம் நின்றது.

அடுத்தது விளக்கு. சாவியைத் திருப்பினால் ஏர்பேக்கின் சிவப்பு விளக்கு எரிந்து, எல்லாம் சரியாக இருந்தால் ஆறு நொடியில் அணையும். பை இல்லாவிட்டால் அணையாது. ஆனால் ஒயர் முனையில் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால், பை இருப்பதாகக் கார் நம்பிவிடும். சிலர் விளக்கையே பிடுங்கிவிடுவார்கள், அது எளிதில் பிடிபடும். நான் அப்படிச் செய்வதில்லை. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். சரியாக ஆறு நொடி. மூன்று முறை சோதித்தேன்.

"இவ கல்யாணத்துக்கே ஸ்டாப் வாட்ச் வச்சிப்பா" என்றார் பன்ஹா அண்ணன். தகர வேலையும் பெயின்ட்டும் அவருடையவை.

எனக்கு அன்று பெருமையாகவே இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. நோட்டில் எழுதினேன்: 'தங்கம் 99 – பை இல்லை, மூடியாயிற்று. தங்கம் 2002 – பை இரண்டும் உண்டு, கை வைக்கவில்லை.'

மாலை ஐந்தரைக்கு எனக்கு ஆங்கில வகுப்பு. பெஞ்சில் என் பக்கத்து இடம் தாவ்ரி அக்காவுடையது. ஓருசேய் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார், முப்பத்துநான்கு வயது. வகுப்பில் எனக்குச் சந்தேகம் வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவருக்குச் சந்தேகமே வராது, தப்பாக இருந்தாலும் உரக்கச் சொல்வார். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

ஒரு நாள் என் நோட்டைப் பார்த்துப் பாடத்தை எழுதிக்கொண்டே, "தங்கச்சி, உங்க பட்டறையில முந்நூறு இருக்கா?" என்றார்.

"ரெண்டு இருக்கு, அக்கா."

"எங்க வீட்டுக்காரர் சாதாரணக் கார் போதும்ங்கிறார். நான்தான் வேணாம்ன்னேன். புத்தாண்டுக்குப் பத்தம்பாங் போகணும், அங்க இருக்கிற எட்டுப் பேருக்கும் சாமான். அதுவும் அந்த ரோடு." கொஞ்ச நேரம் எழுதினார். "எனக்குத் தோல் சீட் வேணாம், பாட்டுப் பெட்டி வேணாம். ஏர்பேக் இருக்கணும். அது ஒண்ணுதான்."

அவருடைய தம்பி இரண்டு வருடங்களுக்கு முன் ஐந்தாம் எண் சாலையில், கம்போங் சினாங்குக்கு இப்பால், கரும்பு லாரியில் நேருக்கு நேர் மோதி இறந்தார். வகுப்பில் 'என் குடும்பம்' என்று எழுதச் சொன்னபோது அதையும் எழுதியிருந்தார். நான் படித்திருக்கிறேன்.

"விக்கிறவன் எல்லாம் இருக்குன்னுதான் சொல்வான். நீ பாத்து இருக்குன்னு சொன்னா எனக்குப் போதும்" என்றார்.

"ரெண்டாயிரத்து ரெண்டுல இருக்கு, அக்கா. நானே பாத்தேன்."

"அப்போ அதுதான்."

அடுத்த வாரம் தாக்கியோவில் என் சித்தி மகளின் கல்யாணம். ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தபோது பட்டறையில் ஒரு தங்க முந்நூறு மட்டும் நின்றது. 2002-இன் முகம். புது விளக்குகள் பளபளத்தன. மற்றது கம்போங் தோம்காரர் ஒருவருக்குப் போய்விட்டதாக ஹெங் மாமாவின் மனைவி சொன்னார். 99 போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் 99-இன் வரியை அடித்தேன்.

சனிக்கிழமை தாவ்ரி அக்கா கணவர் போரினோடும் ஏழு வயது மகள் லீதாவோடும் வந்தார். போரின் அண்ணன் டயர்களை உதைத்துப் பார்த்தார். லீதா நேராக முன் இருக்கையில் ஏறி, கால்களை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டாள்.

"காலை எடுடி. அதுக்குள்ளதான் பை இருக்கு" என்றார் தாவ்ரி. பிறகு என்னைப் பார்த்தார். "அதுதானே, தங்கச்சி?"

நான் அவசரப்படவில்லை. சாவியைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, ஆறு நொடியில் அணைந்தது. டேஷ்போர்டைத் தட்டினேன். வெற்றுச் சத்தம் இல்லை.

"இருக்கு, அக்கா" என்றேன்.

என் கையால் செய்ததை என் கையாலேயே சோதித்து நம்பினேன். அது எனக்குத் தெரிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, பட்டறையில் மூச்சு விட நேரமில்லை. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் கார் அன்றைக்கே வேண்டும். பன்ஹா அண்ணன் ஒரு வெள்ளை முந்நூறின் முன்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்குரூ டிரைவரை எடு. இந்தக் கிழவிக்கு மூணு வயசு குறைக்கணும்."

"புது முகமா, அண்ணே?"

"பின்ன? தொண்ணூத்தொம்பதை எவன் தொடறான்? கண்ணாடியும் கிரில்லும் மாத்தினா ரெண்டாயிரத்து ரெண்டு. நீ கல்யாணச் சோறு தின்னப் போயிருந்தப்போ உங்க டீச்சரம்மாவோட வண்டிக்கும் நான்தான் வயசு குறைச்சேன். ஒரே ராத்திரியில கொமரி ஆயிட்டா."

"எந்த டீச்சரம்மா?"

"உன்கூடப் படிக்குமே, துணிக்கடை. தங்கக் கலரு."

நான் ஸ்குரூ டிரைவரைக் கொடுக்காமல் நின்றேன். "அப்போ நிஜ ரெண்டாயிரத்து ரெண்டு?"

"அதுதான் முன்னாடியே போச்சே, கம்போங் தோமுக்கு. என்னடி, மூஞ்சி சோறு மாதிரி வெளுத்துப் போச்சு?"

பின்புறம் உடைசல் போடும் இடத்துக்குப் போனேன். தகரங்களுக்கு அடியில் 99-இன் பழைய கிரில் கிடந்தது. அதன் பின்பக்கம் நான் சாக்கட்டியால் எழுதிய குறி இருந்தது. உள்வேலை முடிந்த வண்டியின் கிரில்லுக்குப் பின்னால் ஒரு வட்டமும் தேதியும் போடுவது என் வழக்கம். நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். எழுதியதில் பிழை இல்லை, எல்லா வரியும் உண்மைதான். கார்களுக்கு நான் வைத்த பெயர்கள்தான் விளக்குக் கண்ணாடியோடு கழன்று இடம் மாறியிருந்தன.

ஹெங் மாமா கண்ணாடி அறையில் இரண்டு போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். காத்திருந்து சொன்னேன்.

"அந்த வண்டியில பை இருக்குன்னு நான் சொன்னேனா?" என்றார்.

"நான் சொன்னேன், மாமா."

"அப்போ எங்கிட்ட எதுக்கு வர்ற?" குரலை உயர்த்தவில்லை. "ஊருல ஓடுற முந்நூறுல எத்தனையில பை இருக்குன்னு நினைக்கிற? எம் பொண்டாட்டி ஓட்டுற வண்டியிலயே கிடையாது. ஓட்டலையா?"

"அவங்க தம்பி அந்த ரோட்டுலதான் மாமா செத்துப்போனார். அது ஒண்ணுதான் கேட்டாங்க."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "புத்தாண்டு முடியட்டும். எங்கயாவது கிடைச்சா பாக்கலாம். இப்பப் போய்ச் சொன்னா அந்த அம்மா வண்டியை என் வாசல்ல கொண்டாந்து நிறுத்தும், இருக்கிற கூட்டம் பாக்கும். அப்புறம் உனக்கும் இங்க வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. புரியுதா?"

புரிந்தது. அதுதான் சிக்கல். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் மாலை விடுமுறைக்கு முன் கடைசி வகுப்பு. விடுமுறையில் என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தாவ்ரி அக்கா எழுந்து, பத்தம்பாங் போகிறேன், புதுக் காரில் போகிறேன், என் மகள் முன்னால் உட்காருவாள் என்றார். மூன்று வாக்கியத்தில் இரண்டு பிழை. எல்லோரும் கைதட்டினார்கள். என் முறை வந்தபோது வீட்டில் தூங்கப் போகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் வாழையிலையில் கட்டி வேகவைத்த அன்சோம் சோற்றுக்கட்டு இரண்டை என் பையில் திணித்தார். "மாமியார் பண்ணினது. பன்னிக்கறி வச்சது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பிக்கு வர்றார், வண்டிக்கு மந்திரம் ஓத. பத்து மணிக்குக் கிளம்புறோம். சாயங்காலம் இந்த வருஷத்துப் புதுத் தேவதை வானத்துலேர்ந்து இறங்குறதுக்குள்ள வீட்டுல இருக்கணுமாம், கிழவி கறாராச் சொல்லிட்டா."

சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார். இப்படி எழுதினால் நேரம் இல்லாததால் சொல்லவில்லை என்று ஆகிவிடும். நேரம் இருந்தது. வகுப்பில் ஒன்றரை மணி நேரம் அவர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்றாம் தேதி காலை டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்பது மணி ஆகியிருந்தது. பிக்கு அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தார். கார் முழுவதும் மந்திர நீர் சொட்டியது. உள்கூரையில் சந்தனத்தில் யந்திரம் வரைந்திருந்தார். ஸ்டீயரிங்கைச் சுற்றி ஏழு சுற்றுச் சிவப்பு நூல், நடு மூடியின் மேல் முடிச்சு. லீதா முன் இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். போரின் அண்ணன் பின்னால் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தார். மாமியார் ரத்தினி படியில் நின்று எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி, நீயும் வர்றியா? சீட்டு இருக்கு!" என்றார் தாவ்ரி.

"அக்கா, இது தொண்ணூத்தொம்பது. முகத்தை மாத்தியிருக்காங்க. நான் இல்லாதப்போ மாத்திட்டாங்க, நான் பாக்காம இருக்குன்னு சொல்லிட்டேன். இதுல பை கிடையாது."

வழியில் வேறு விதமாகச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன். வந்தது இதுதான்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "விளக்கு அணைஞ்சுதே."

"அது நான் வச்சது."

"என்னது?"

"அந்த விளக்கை அணைய வச்சது நான்தான். வண்டி வந்தப்போ பை வெடிச்சிருந்தது. நான்தான் மூடினேன்."

போரின் அண்ணன் பலாப்பழத்தைக் கீழே வைத்தார். "புத்தாண்டுக் காலையில வந்து என்னம்மா பேசுற? யாரு அனுப்புனா? உங்க முதலாளி வண்டியைத் திருப்பி வாங்கப் பாக்குறானா?"

"திறந்து காட்டுறேன், அண்ணே." ஸ்டீயரிங்கிடம் குனிந்தேன்.

"தொடாதே!" மாமியார் படியிலிருந்து இறங்கிவிட்டார். "ஒரு மணி நேரம் ஆகல ஐயா நூல் கட்டி. பயணத்துக்கு முன்னாடி அதை அறுப்பியா? உனக்கு அம்மா அப்பா இல்லையா?"

"அறுக்காமத் திறக்க முடியாது, பெரியம்மா."

"அப்போ திறக்க வேணாம். ஐயா ஓதினதுக்கு மேல உன் பை என்ன பண்ணிடும்?"

தாவ்ரி யாரையும் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூல் இல்லாத பக்கம் எது?" என்றார்.

"பயணி பக்கம்."

"லீதா, இறங்கு."

டேஷ்போர்டுக்குக் கீழிருந்த சாமான் பெட்டியைக் கழற்றினேன். பட்டறையில் செய்தால் பத்து நிமிட வேலை. அங்கே அரை மணி ஆயிற்று. ஒரு திருகாணி காரின் கால்மிதியில் விழுந்தது, லீதா தேடிக் கொடுத்தாள். மேல் தட்டு விடுபட்டதும் கையை உள்ளே விட்டுப் பஞ்சை இழுத்தேன். மஞ்சள் பஞ்சு நீளமாக வந்தது. அதோடு நாலாக மடித்த ஒரு தாளும் வந்து தாவ்ரியின் காலடியில் விழுந்தது.

அவர் எடுத்துப் பிரித்தார். வகுப்பில் தரும் பயிற்சித்தாள். மேலே என் பெயர். கீழே என் கையெழுத்தில் இருபது வாக்கியங்கள், ஆசிரியரின் சிவப்புப் பேனா, இருபதுக்கு இருபது. அதே பயிற்சியில் தனக்குப் பதினொன்று என்று அவர் அன்றைக்குச் சத்தமாகச் சொன்னது நினைவு வந்தது. சத்தம் வந்த மூலையில் எதைச் செருகினேன் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"என்ன அது?" என்றார் மாமியார்.

"வீட்டுப்பாடம்" என்றார் தாவ்ரி.

பக்கத்து வீட்டில் புத்தாண்டுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாவ்ரி தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"பின் சீட்டு பெல்ட்டு?" என்றார்.

"நிஜம். மூணும் நிஜம். இழுத்துப் பாத்திருக்கேன்." சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்கு இனி என்ன மதிப்பு என்று தோன்றியதால், ஒவ்வொன்றையும் வெடுக்கென்று இழுத்துக் காட்டினேன். மூன்றும் பிடித்துக்கொண்டன. அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"பஸ்ஸுல போயிடலாமா?" என்றார் போரின் அண்ணன்.

"இன்னிக்கு எந்த பஸ்ஸுல இடம் இருக்கு?" தாவ்ரி கதவைத் திறந்தார். "நாம மூணு பேரும் பின்னாடி. நீங்க மெதுவா ஓட்டுங்க. முன்னாடி யாரும் உக்கார வேணாம்."

"முன் சீட்டைக் காலியா விட்டுட்டா? தெருவே பாக்கும். நான் என்ன டிரைவரா?"

"ஆமா."

முன் இருக்கையில் பலாப்பழத்தை வைத்தார்கள். மாமியார் அதற்கும் பெல்ட் போட்டார். கார் தெருவில் திரும்பும்போது எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "என்ன போரின், டிரைவர் வேலைக்குச் சேந்துட்டியா? பின்னாடி மகாராணிகளா?" என்று கத்தினார். போரின் அண்ணன் ஹாரனை ஒருமுறை அழுத்தினார். தாவ்ரி என் பக்கம் திரும்பவில்லை.

அன்று மாலை வரை போனைக் கையில் வைத்திருந்தேன். அவர்கள் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. எனக்கு அனுப்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. தொலைக்காட்சியில் புதுத் தேவதை இறங்கினாள். அம்மா ஊதுவத்தி ஏற்றினார். அன்சோம் பையிலேயே கெட்டுப்போனது.

விடுமுறை முடிந்து பட்டறைக்குப் போனேன். ஹெங் மாமாவிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை, பேசவும் இல்லை. உள்ளே எட்டு வண்டி நின்றன, தைக்க வேறு ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் காலை மாமியார் ரத்தினி வந்தார். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன வேணும், பெரியம்மா?" என்றார் பன்ஹா அண்ணன்.

"ஒண்ணும் வேணாம். வண்டி பாக்க வந்தேன்."

பத்து மணிக்கு ஒரு குடும்பம் கார் பார்க்க வந்தது. மாமியார் அவர்களுக்கு முன்னால் எழுந்து போய், திறந்திருந்த கதவு வழியாகக் கையை விட்டு டேஷ்போர்டைத் தட்டினார். "இதுல என்ன அடைச்சிருக்கு, பஞ்சா, பேப்பரா?" என்று பன்ஹாவிடம் கேட்டார். சண்டைக் குரல் இல்லை. சந்தையில் மீன் புதுசா என்று கேட்பதுபோலக் கேட்டார். குடும்பம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்குச் சோறு கொண்டுவந்த டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிட்டார். மதியம் வந்த இரண்டு பேரிடமும் அதே கேள்வி.

"பெரியம்மா, ஐயாவோட மந்திரம் போதும்ன்னீங்களே?" என்றேன் மெதுவாக.

"அது போதும்தான். ஐயா நம்மளை ஏமாத்தலையே" என்றார், பல் குத்திக்கொண்டே.

அவர் தொடர்ந்து மூன்றாம் நாளும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் ஹெங் மாமா என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "அந்தக் கிழவியை அனுப்ப என்ன வேணும்?"

"ரெண்டு நிஜப் பை, மாமா."

"எங்க இருக்கோ தேடு. கிடைக்கிற வரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதே."

மே மாதம் இருபதாம் தேதி வாக்கில் கிடைத்தது. பின்பக்கம் நசுங்கி, உதிரிக்காக அறுக்க வந்த ஒரு பச்சை முந்நூறு. இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து முன்கண்ணாடி ஓரத்தில் இருந்த சேஸிஸ் நம்பரை எழுதிக்கொண்டு, பிறகுதான் பைகளைக் கழற்றினேன்.

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. பன்ஹா அண்ணன் முகம் மாற்றிக்கொண்டிருந்த அந்த வெள்ளை முந்நூறை மூடச் சொன்னார்கள். மூடி தைக்கிறேன், ரெசிஸ்டர் வைக்க மாட்டேன், விளக்கு எரியட்டும் என்றேன். "எரியுற விளக்கை வச்சுக்கிட்டு யாருடி வாங்குவா?" என்றார் பன்ஹா. அந்த வேலையை அவரே செய்தார். ரெசிஸ்டருக்குப் பதில் விளக்கில் ஒரு டைமரை வைத்தார், அது நான்கு நொடியில் அணைகிறது. வாங்கியவர் எண்ணிப் பார்க்கவில்லை. என் மறுப்பால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாவ்ரி அக்காவின் வீட்டுக்குப் போனேன். விடுமுறைக்குப் பிறகு அவர் வகுப்பில் பெஞ்சை மாற்றிக்கொள்ளவில்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆனால் என் நோட்டைப் பார்த்து எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். மீதி மின்சாரம் வடியாமல் பையைத் தொடக் கூடாது. முதலில் பயணி பக்கம் பொருத்தினேன். பிறகு ஸ்டீயரிங். நூல் வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது.

"நான் அறுக்கல, அக்கா" என்றேன்.

மாமியாரைப் பார்த்தார் தாவ்ரி. "போய் வந்தாச்சே. நூல் அதோட வேலையைப் பண்ணிடுச்சு" என்றார் மாமியார், "ஆனா அவ கை படக் கூடாது." தாவ்ரி உள்ளே போய்த் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முடிச்சை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரே வெட்டு. ஏழு சுற்றும் மடியில் விழுந்தன. அதைச் சுருட்டி, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் தொங்கவிட்டார்.

மூடியைத் திறந்தேன். ரெசிஸ்டரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பையைப் பொருத்தி, மூடி, ஆணிகளை முறுக்கி, பேட்டரியை மாட்டினேன். "சாவியைத் திருப்புங்க, அக்கா."

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு என்று அவர் வாய்விட்டு எண்ணினார், ஆங்கிலத்தில். ஆறில் அணைந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் அணைஞ்சுது" என்றார்.

"ஆமா, அக்கா."

"அப்போ இன்னிக்கு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சேஸிஸ் நம்பர் எழுதிய நோட்டு டூல்ஸ் பையில் இருந்தது. அதுவும் என் கையெழுத்துதான்.

"திற" என்றார். "ரெண்டையும்."

மறுபடி பேட்டரியைக் கழற்றினேன். மறுபடி பத்து நிமிடம். அவர் உள்ளே போகவில்லை, ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஆணியையும் அவர் கையில் கொடுத்தேன். மூடி வந்ததும் அவர் குனிந்து, மடித்துத் திணித்திருந்த பையை, ஓரத்துத் தையலை, பின்னால் இருந்த உலோகத்தை, ஒயர் சேரும் இடத்தை, துணியின் தரம் பார்க்கும் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். விரலால் தொட்டார். பிறகு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து அதையும் பார்த்தார்.

"சரி, மூடு" என்றார், ஆணிகளை ஒவ்வொன்றாக என்னிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே.